குமுளி ஏலக்காய்க் கடையின் பழைய பில் புரோகிராமை போட்மேனுக்குள் ஏற்றியது

கடை குமுளி டவுனில் இருக்கிறது. வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத் தோட்டக்காரர்களிடம் ஏலக்காய் எடுத்து, சல்லடையில் தரம் பிரித்து, போடிக்கும் கம்பத்துக்கும் அனுப்புகிற மொத்த வியாபாரம். பில், லாட் பதிவு, பார்ட்டி பாக்கி எல்லாம் ஒரே புரோகிராமில். பி.எச்.பி என்ற வெப் புரோகிராம் மொழியில், அதன் 5.4 பதிப்புக் காலத்தில் எழுதியது. எழுதிக் கொடுத்தவர் எப்போதோ வெளிநாடு போய்ச் செட்டில் ஆகிவிட்டார். விண்டோஸ் 7 போட்ட பழைய கணினி, அதில் சாம்ப் (அப்பாச்சி வெப் சர்வர், பி.எச்.பி, டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்த தொகுப்பு), அதற்குள் மைஎஸ்க்யூஎல் 5.5 டேட்டாபேஸ். ஹார்ட் டிஸ்க் 'கடக் கடக்' என்று சத்தம் போட ஆரம்பித்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"புது சாப்ட்வேர் வாங்குனா வருசா வருசம் காசு கேப்பாங்கப்பா. பழைய பாக்கி எல்லாம் இதுலதான கெடக்கு? இதையே புது மிசின்ல ஓட வச்சிரு."

புது மிசின் என்றால் டெபியன் 13 என்ற லினக்ஸ் போட்ட சின்னப் பெட்டி. அதில் பி.எச்.பி-யை நேரடியாக நிறுவினால் வருவது 8-ஆம் வரிசை. இந்தப் புரோகிராமோ பக்கத்துக்குப் பக்கம் டேட்டாபேஸோடு பேசும் பழைய 'மைஎஸ்க்யூஎல்_க்யூரி' வகைச் சார்புகளால் (ஃபங்ஷன்) ஆனது. அவற்றை 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி 7.0-விலேயே தூக்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் மாற்றி எழுதலாம், ஆனால் சீசன் நேரத்தில் வரி கணக்கில் ஒரு பைசா பிசகினாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான். கணினிக்குள் கணினியாக ஒரு விர்ச்சுவல் மிசின் போட்டு அதற்குள் விண்டோஸ் 7-ஐயே வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நான்கு ஜிபி ராம் உள்ள பெட்டியில் பாதியை அதுவே தின்றுவிடும். புரோகிராமை அதற்கு வேண்டிய பழைய மென்பொருளோடு தனியே அடைத்து ஓட்டும் கன்டெய்னர்தான் சரி என்று முடிவு செய்தேன்.

கன்டெய்னர் என்றால் டாக்கர் எல்லோருக்கும் தெரிந்த பெயர், 2013-ல் வந்தது. ஆனால் அது செய்யும் பிரிவினை லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருப்பது. 1979-ல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த சிஎச்ரூட், 2000-ல் ஃப்ரீபிஎஸ்டியின் ஜெயில், 2008 ஜனவரியில் கெர்னல் 2.6.24-ல் நுழைந்த, ராம், சிபியு பங்கைக் கட்டுப்படுத்தும் சிகுரூப், கூடவே ஒவ்வொன்றுக்கும் தெரிவதைப் பிரித்துக் காட்டும் நேம்ஸ்பேஸ்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்த யோசனைகள்தான் இன்றைய கன்டெய்னர். உள்ளே ஓடுவது தனிக் கணினி இல்லை, நம் கெர்னலில் ஓடும் சாதாரணப் புராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம். அதற்குத் தெரிகிற கோப்பு, நெட்வொர்க், பயனர் பட்டியல் மட்டும் வேறு. ஏலக்காய்ச் சாக்குக்குள் கறுப்பு பாலிதீன் போட்டுக் கட்டுகிறார்களே, அது பச்சை நிறம் போகாமல் காக்கும், சாக்கைத் திருடுகிறவனைத் தடுக்காது. கன்டெய்னரும் அப்படித்தான்.

கடைக்கு நான் டாக்கரை எடுக்கவில்லை, அதே வேலையைச் செய்யும் போட்மேனை எடுத்தேன். டாக்கரில் வழக்கமாக ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு டீமன் என்கிற ஒரு புரோகிராம் எப்போதும் பின்னால் ஓடும். டாக்கர் குரூப்பில் ஒரு பயனரைச் சேர்த்தால் அவருக்கு ரூட் சாவியைக் கொடுத்த மாதிரி. கடைக் கணினியில் யார் யாரோ உட்கார்வார்கள், அது வேண்டாம். போட்மேனில் டீமன் இல்லை, சாதாரணப் பயனராகவே ஓட்டலாம், கட்டளைகள் பெரும்பாலும் டாக்கரில் இருப்பவைதான். டெபியன் நிறுவும்போது உருவாக்கிய முதல் பயனர் 'கடை'. கன்டெய்னர்கள் எல்லாம் அவர் பெயரில்.

மழை நேரத்தில் குமுளியில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் கன்டெய்னர்களுக்கு மூலமான தயார் தொகுப்புகளை, அதாவது இமேஜ்களைக் கம்பத்தில் என் வீட்டிலேயே இறக்கி, அங்கேயே பில்டும் பண்ணிவிட்டு, 'போட்மேன் சேவ்' கட்டளையோடு 'ஹைபன் எம்' சேர்த்து எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாக்கி பென் டிரைவில் எடுத்துப் போனேன். அரை ஜிபிக்கு மேல் வரும். மலை ஏறியதும் 'போட்மேன் லோடு', முடிந்தது. அந்தக் கோப்பை அழிக்காமல் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன். இவ்வளவு பழைய இமேஜ், இமேஜ்களின் பொதுக் கிடங்கான டாக்கர் ஹப்பில் என்றைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு விஷயம்: மைஎஸ்க்யூஎல் 5.6 இமேஜ் இன்டெல், ஏஎம்டி வகைச் சிப்புக்கு மட்டுமே உண்டு. ஆர்ம் சிப்பில் ஓடும் சின்னக் கணினியான ராஸ்பெர்ரி பையில் செலவைக் குறைக்கலாமே என்று யோசிப்பவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது.

இமேஜின் பெயரைச் சுருக்கி 'மைஎஸ்க்யூஎல்:5.6' என்று மட்டும் கேட்டால் போட்மேன் எங்கே தேடுவது என்று தெரியாமல் முறைக்கும். 'டாக்கர்.ஐஓ/லைப்ரரி/' என்று முழு முகவரியையும் முன்னால் போட வேண்டும்.

'பி.எச்.பி:5.6-அப்பாச்சி' இமேஜில் பழைய மைஎஸ்க்யூஎல் நீட்சி (அந்தப் பழைய சார்புகளைத் தரும் கூடுதல் பகுதி) உள்ளே வராது. இமேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதிவைக்கும் கன்டெய்னர்ஃபைலில் 'டாக்கர்-பிஎச்பி-எக்ஸ்ட்-இன்ஸ்டால் மைஎஸ்க்யூஎல்' என்று ஒரு வரி சேர்த்தால் அதுவே தொகுத்துக்கொள்ளும். லாட் அட்டையில் பார்கோடு படம் வரைய ஜிடி நீட்சியும் தேவைப்பட்டது. அதற்கு பிஎன்ஜி நூலகம் வேண்டும், அதை இறக்க 'ஆப்ட்-கெட் அப்டேட்' அடித்தால் வரிசையாக 404, அதாவது 'கோப்பு இல்லை'. காரணம், இந்த இமேஜ் டெபியனின் பழைய பதிப்பான ஸ்ட்ரெட்ச் மேல் கட்டியது. ஸ்ட்ரெட்ச்சின் நீண்டகால ஆதரவு 2022-லேயே முடிந்து, தொகுப்புகள் காப்பகச் சர்வருக்குப் போய்விட்டன. சோர்சஸ் பட்டியலில் வழக்கமான முகவரி, செக்யூரிட்டி முகவரி இரண்டையும் 'ஆர்க்கைவ்.டெபியன்.ஆர்க்' என்று மாற்றி, 'ஸ்ட்ரெட்ச்-அப்டேட்ஸ்' வரியை நீக்கினால் 404 போய்விடும். இந்த மாற்றத்துக்குக் கன்டெய்னர்ஃபைலில் ஒரு 'செட்' (எஸ்-இ-டி) கட்டளை போதும்.

5.4-ல் எழுதியது 5.6-ல் இலக்கணப் பிழையின்றிப் படிக்கப்படுகிறதா என்று பார்க்க அப்பாச்சியை எழுப்பவே வேண்டாம். 'போட்மேன் ரன்', கூட 'ஆர்எம்', நெட்வொர்க்கே வேண்டாம் என்கிற 'நெட்வொர்க் நன்', புரோகிராம் கோப்புறையை 'ஆர்ஓ' என்று படிக்க மட்டும் அனுமதித்து உள்ளே விட்டு, ஒவ்வொரு கோப்பிலும் 'பிஎச்பி ஹைபன் எல்'. வேலை முடிந்ததும் கன்டெய்னர் தடயமில்லாமல் போய்விடும். கட்டளை வரியில் எனக்குப் பிடித்ததே இதுதான். எதை உள்ளே விட்டோம் என்பது அந்த ஒரே வரியில் எழுத்தெழுத்தாய்த் தெரியும். வரியில் இல்லாதது உள்ளே இல்லை.

டேட்டாபேஸுக்கு 5.6-ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 5.7-ல் 'குரூப் பை' விதியும் தேதி விதியும் இறுக்கமாகிவிட்டன. பாக்கிப் பட்டியல் எடுக்கும் க்யூரிகள் அங்கே அடம் பிடிக்கும். எல்லாம் பூஜ்யமாக இருக்கும் தேதிகளையும் அது ஏற்காது. செட்டிங்கைத் தளர்த்தலாம்தான், ஆனால் பழையதற்குப் பழையதே பொருந்தும்போது எதற்கு மல்லுக்கட்டு?

விண்டோஸிலிருந்து வந்ததால் வேறு இரண்டு தொந்தரவுகள். விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் டேபிள் பெயர்களைச் சின்ன எழுத்தில் சேமிக்கும். புரோகிராமிலோ 'பார்ட்டிமாஸ்டர்' என்று நடுவில் பெரிய எழுத்து. லினக்ஸில் இரண்டும் வேறு வேறு டேபிள், 'அப்படி ஒன்று இல்லை' என்று பதில் வரும். மைஎஸ்க்யூஎல் கன்டெய்னரை முதன்முதலாக எழுப்பும்போதே 'லோயர்-கேஸ்-டேபிள்-நேம்ஸ்=1' கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கோப்புப் பெயர்களுக்கு இப்படிச் சுவிட்ச் கிடையாது. 'இன்க்லூட்' வரிகளில் பெரிய எழுத்தில் இருப்பது டிஸ்கில் சின்ன எழுத்தில் இருந்தால் உட்கார்ந்து பெயர் மாற்றத்தான் வேண்டும்.

அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல் இரண்டு கன்டெய்னரையும் ஒரே பாடுக்குள் ('பாட்') வைத்தேன். பாடு என்றால் உள்ளே இருப்பவை ஒரே நெட்வொர்க்கைப் பகிர்ந்துகொள்ளும், ஒன்றுக்கொன்று 'லோக்கல்ஹோஸ்ட்', அதாவது 'இதே கணினி'. அப்படியானால் கன்ஃபிக் கோப்பில் இருக்கும் 'லோக்கல்ஹோஸ்ட்' அப்படியே ஓட வேண்டும் அல்லவா? ஓடாது. லினக்ஸில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயரைக் கண்டால் பி.எச்.பி நெட்வொர்க் பக்கமே போகாது, ஒரே கணினிக்குள் பேச உதவும் சாக்கெட் கோப்பைத் தேடும். அந்தக் கோப்பு மைஎஸ்க்யூஎல் கன்டெய்னருக்குள் இருக்கிறது, அப்பாச்சியின் கண்ணுக்குத் தெரியாது. '127.0.0.1' என்று எண்ணாக எழுதினால் டிசிபி, அதாவது நெட்வொர்க் வழியே போய்ச் சேர்ந்துவிடும். விண்டோஸில் இந்த வித்தியாசம் தலைகாட்டாததால் பழைய புரோகிராமைக் கொண்டுவரும் எல்லோரும் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

அடுத்தது எழுத்து. பழைய டேபிள்கள் எல்லாம் 'லேட்டின்1', மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறிமுறை. அதற்குள் எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறிமுறையின் பைட்டுகளாகத் தமிழும் மலையாளமும் கிடக்கின்றன, ஏனென்றால் எழுதியவரும் மைஎஸ்க்யூஎல்லும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. உள்ளே போன பைட் அப்படியே வெளியே வந்ததால் திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. இப்போது எந்த வழிகாட்டியைத் திறந்தாலும் மைஎஸ்க்யூஎல் கன்டெய்னருக்கு 'கேரக்டர்-செட்-சர்வர்=யூடிஎஃப்8எம்பி4' என்று ஒரு வரி போடச் சொல்வார்கள். புதுப் புரோகிராமுக்கு நல்ல பழக்கம். இதில் போட்டுப் பார்த்தபோது பில் போடும் அக்கா திரையை என் பக்கம் திருப்பினார். "தம்பி, பேரெல்லாம் கோழி கிறுக்குன மாதிரி வருது. எது கம்பம் பார்ட்டி, எது கட்டப்பனை பார்ட்டின்னே தெரியல."

உற்றுப் பார்த்தால் தெரியும். தமிழ் எழுத்தின் முதல் இரண்டு பைட் ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்ணில்) ஈ0 ஏஈ அல்லது ஈ0 ஏஎஃப். மலையாளத்துக்கு ஈ0 பி4 அல்லது ஈ0 பி5. லேட்டின்1 கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஈ0 என்பது தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'. அதை அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட டிரேட்மார்க் குறியோ தலைக்கோடு ஒன்றோ வந்தால் தமிழ்ப் பெயர். தனிச் சாய்கோடோ 'மைக்ரோ' குறியோ வந்தால் மலையாளம். பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டினால் கம்பம், கூடலூர், போடி எல்லாம் டிரேட்மார்க்காகவும், வண்டன்மேடும் கட்டப்பனையும் மைக்ரோவாகவும் பிரிந்து நின்றன. அக்காவிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "அதெல்லாம் சரி, பழைய மாதிரி ஆக்கிக் குடு" என்றார்.

நடந்தது இதுதான்: பழைய நீட்சி இணையும்போது எழுத்துக்குறியை நாம் சொல்லாவிட்டால் சர்வர் சொல்வதை எடுத்துக்கொள்ளும். சர்வர் யூடிஎஃப்8 என்கிறது, டேபிள் லேட்டின்1 என்கிறது, மைஎஸ்க்யூஎல் மிகுந்த பொறுப்போடு ஒன்றை இன்னொன்றாக மாற்றித் தருகிறது. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு எழுப்பினால் 5.6-ன் இயல்பான லேட்டின்1-க்குத் திரும்பி, பெயர்கள் எல்லாம் வந்துவிடும். ஆனால் அந்த நிலையில் ஒரு புது பார்ட்டியைச் சேர்த்திருந்தால் வில்லங்கம். தமிழ் எழுத்துக்கு லேட்டின்1-ல் இடமே இல்லை, கேள்விக்குறியாகத்தான் பதியும். அதைத் திரும்ப எடுக்க முடியாது. சோதனையை நகல் டேட்டாவில்தான் செய்ய வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும். எல்லா டேபிளையும் முறையான யூடிஎஃப்8-க்கு மாற்றலாமா என்றால், மாற்றலாம். நான் மாற்றவில்லை. ஓடுகிற வண்டியின் எஞ்சினைப் பிரிக்கிற வேலை அது, சீசன் முடியட்டும்.

நேரம். கன்டெய்னருக்குள் யூடிசி என்ற உலகப் பொது நேரம், நம் மணியிலிருந்து ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே இரண்டு கடிகாரம் இருக்கிறது. இப்போதைய நேரத்தைத் தரும் மைஎஸ்க்யூஎல்லின் 'நவ்' சிஸ்டத்தைப் பார்க்கும், அதற்கு போட்மேனிலேயே 'டிஇசட்' என்ற தேர்வில் ஏசியா/கொல்கத்தா கொடுக்கலாம். பி.எச்.பி சிஸ்டத்தை மதிக்காது. தன் செட்டிங் கோப்பான ஐஎன்ஐ-யில் 'டேட்.டைம்ஸோன்' எழுதினால்தான் கேட்கும். இதைச் சரிபார்க்கப் பழைய பில்களைப் புரட்டியபோது ஒரு வேடிக்கை. சாம்ப்பின் ஐஎன்ஐ-யில் ஐரோப்பா/பெர்லின் என்று இருந்ததை யாரும் தொடவில்லை. இத்தனை வருடமாகக் குமுளியில் போட்ட பில்லெல்லாம் ஜெர்மன் நேரத்தில் அச்சாகியிருக்கிறது. ஜூலை பில் மூன்றரை மணி நேரம் பின்னால், டிசம்பர் பில் நாலரை. ஒரு பார்ட்டியும் கேட்டதில்லை.

கோப்புரிமை விஷயத்தில் போட்மேன் புதியவர்களை மிரட்டும். டேட்டாபேஸ் கோப்புறையை வெளியிலிருந்து பார்த்தால் உரிமையாளர் பெயர் இருக்காது, '100998' என்று ஓர் எண் நிற்கும். பேய் எண் இல்லை, கணக்கு இருக்கிறது. 'கடை' பயனரின் எண் 1000. பயனருக்குக் கூடுதல் எண்கள் ஒதுக்கும் சப்யுஐடி கோப்பில் அவருக்கு 100000-லிருந்து 65536 எண்கள் ஒதுக்கியிருக்கும். கன்டெய்னருக்குள் ரூட்டாக இருப்பது வெளியே 1000, அதாவது கடைப் பயனரே. உள்ளே 1 என்றால் வெளியே 100000, 2 என்றால் 100001, இப்படியே. மைஎஸ்க்யூஎல் உள்ளே 999-ஆம் எண் பயனராக ஓடுகிறது, ஆக வெளியே 100998. டெர்மினலில் புராசஸ் பட்டியலை எடுத்தால் அப்பாச்சியின் தலைமைப் புராசஸ் 'கடை' பெயரிலும், அதன் கீழ் வேலை செய்பவை 100032 என்றும் ஓடுவது தெரியும். உள்ளே அவை 33, டெபியனில் வெப் சர்வருக்கு உரிய எண். இந்தக் கோப்புகளைத் தொட வேண்டுமானால் ரூட் உரிமை தரும் 'சுடோ' வேண்டாம். 'போட்மேன் அன்ஷேர்' என்று முன்னால் போட்டு, உரிமையாளரை மாற்றும் 'சிஎச்ஓன்' அடித்தால் உள்ளே இருக்கும் எண்களிலேயே பேசலாம்.

சாதாரணப் பயனர் 1024-க்குக் கீழே போர்ட் (நெட்வொர்க் வாசல் எண்) திறக்க முடியாது, அதனால் வெளியே 8080, உள்ளே 80. அதையும் கடை நெட்வொர்க்கின் முகவரியோடு கட்டிவைத்தேன், இரண்டாவது கணினிக்கு அது போதும். பி.எச்.பி 5.6-க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2018 டிசம்பர் 31-ஓடு நின்றுபோனது. கம்பத்து வீட்டிலிருந்து போனில் பில் பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்துவிடச் சொன்னார் முதலாளி. முடியாது என்றேன். அவர் போனில் வயர்கார்டு விபிஎன் போட்டுக் கொடுத்தேன். புரோகிராம் கோப்புறையும் 'ஆர்ஓ'தான், பார்கோடு படம் எழுதும் ஒரு துணைக் கோப்புறை மட்டும் விலக்கு.

பழையதிலும் புதியதிலும் ஒரே பில்லை அடித்து ஒப்பிட்டோம். கடையின் ஜிஎஸ்டி எண் 32-ல் தொடங்கும், அது கேரளம். போடி பார்ட்டி 33, தமிழ்நாடு. முதல் இரண்டு இலக்கம் வேறானால் ஐஜிஎஸ்டி, ஒன்றானால் வரி பாதிப் பாதியாகப் பிரிய வேண்டும். இரண்டு வகையும் பைசா மாறாமல் வந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு ஒரு வேலையும் இல்லை, அச்சு பிரவுசர் வழியே வெளியிலிருந்தே போகிறது.

கரண்ட் போய் வந்தால் எல்லாம் தானே எழ வேண்டும். போட்மேனின் குவாட்லெட் முறையில் '.பாட்', '.கன்டெய்னர்' என்று சின்னக் கோப்புகள் எழுதி பயனரின் கன்ஃபிக் கோப்புறையில் வைத்தால், லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டி அவற்றைச் சர்வீஸாக்கிவிடும். இதில் 'எனேபிள்' கட்டளை எடுபடாது, '.பாட்' கோப்பின் 'இன்ஸ்டால்' பகுதியில் 'டீஃபால்ட்.டார்கெட்' என்று எழுதுவதுதான் வழி. டெபியன் 12-ல் இருக்கும் போட்மேன் 4.3-க்கு குவாட்லெட் தெரியாது, 13-ல் 5.4 இருப்பதால் தப்பித்தோம். அதோடு 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' அவசியம். இல்லாவிட்டால் யாராவது லாகின் செய்யும்வரை பாடு எழாது, லாக் அவுட் செய்தால் செத்துவிடும். மைஎஸ்க்யூஎல்லுக்கு நிறுத்தும் அவகாசத்தை 60 விநாடி ஆக்கினேன். இயல்பில் 10 விநாடி பார்த்துவிட்டு போட்மேன் கொன்றுவிடும்.

இரவு பேக்கப், ஓடும் கன்டெய்னருக்குள் கட்டளை அடிக்கும் 'போட்மேன் எக்ஸெக்' வழியே டேட்டாபேஸ் முழுவதையும் எழுத்தாகக் கொட்டும் 'மைஎஸ்க்யூஎல்டம்ப்', வெளியே ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டது. கைப்பழக்கத்தில் 'ஹைபன் ஐடி' போடக் கூடாது. 'டி' டெர்மினலைக் கேட்கும், டெர்மினல் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு எழுத்தைக் கூடுதலாகச் சொருகும், எச்சரிக்கைச் செய்திகளும் டம்ப்புக்குள் கலந்துவிடும்.

கடைசியாக மின் தராசு. 'எடை எடு' பட்டன் விண்டோஸில் காம்1 என்ற சீரியல் போர்ட்டைப் படித்தது. இப்போது யுஎஸ்பி கன்வெர்ட்டர். 'டிவைஸ்' தேர்வில் அதை அப்பாச்சிக்கே கொடுத்தாலும் படிக்க முடியாது. அந்த டிவைஸ் 'டயல்அவுட்' குரூப்புக்குச் சொந்தம். 'குரூப்-ஆட் கீப்-குரூப்ஸ்' போட்டால் குரூப் உள்ளே வரும், ஆனால் அப்பாச்சி தன் வேலைப் புராசஸ்களைப் பயனர் மாற்றி இறக்கும்போது அதை உதறிவிடுகிறது. அதனால் தராசுக்கு மட்டும் தனிக் கன்டெய்னர். அதில் ஒரு சின்ன பி.எச்.பி ஸ்கிரிப்ட், அந்த ஒரு டிவைஸ், 'நெட்வொர்க் நன்'. கடைசி எடையை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும், பில் பக்கம் அந்தக் கோப்பைப் படிக்கும். கன்வெர்ட்டரைப் பிடுங்கி மறுபடி சொருகினால் கன்டெய்னர் பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டு நிற்கும், அதை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அக்காவுக்கு டெஸ்க்டாப்பில் 'தராசு' என்று ஒரு ஐகான் வைத்திருக்கிறேன், அதை இரண்டு முறை தட்டினால் அந்த ஒரு சர்வீஸ் மட்டும் எழுந்து வரும். பில் திரையை மூடத் தேவையில்லை.